தங்கையாவின் நீள முகம்

முதலில் சத்தியம் செய்துவிடுகிறேன். ரிங்லெட் முருகன் மேல் ஆணை. என் கீழ்வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மேல் ஆணை. நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் தேயிலைக் காட்டு அட்டை வந்து என் நாக்கைக் கவ்விக்கொள்ளட்டும். அட்டைக்கு இங்கே பஞ்சமே இல்லை. அதனால் யோசித்துத்தான் சத்தியம் செய்கிறேன்.

போன வருஷம், எண்பத்தெட்டில், மழை மாசத்தில் தங்கையா படுத்துவிட்டார்.

தங்கையா எங்கள் எஸ்டேட் பெக்டரியில் தூள் சலிக்கிற அறையில் முப்பது வருஷம் நின்றவர். அந்த அறையில் காற்றே பழுப்பாக இருக்கும். மூக்கில் துணி கட்டச் சொன்னபோது அவர் கட்டவில்லை; கட்டினால் வெற்றிலை போட முடியாதாம். தூள் நெஞ்சுக்குள் இறங்கிப் படிந்துவிட்டது. அவர் இருமினால் பக்கத்து வீடான எங்கள் வீட்டுக்கு டீ வாசனை வரும். அவர் துப்பிய துண்டை அவர் மனைவி செல்லம்மா வெந்நீரில் ஊறப்போட்டபோது சாயம் இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். நல்ல நிறம்தான். ஏற்றுமதிச் சரக்கு என்று சொல்ல மாட்டேன்.

எஸ்டேட்டில் வீடு யாருக்கும் சொந்தமில்லை. செக்ரோலில், அதாவது எஸ்டேட் ஆள் பதிவில், பெயர் இருக்கிறவரைக்கும் லயத்து வரிசையில் வீடு. என் பெண்டாட்டி கொழுந்து வெட்டுகிறாள், அதனால் திரிங்காப் காய்கறியைத் தாப்பாவுக்கு இறக்கும் லோரிக்காரனான எனக்கும் ஒரு கூரை. தங்கையா வீட்டில் தங்கையாவின் பெயர் மட்டும்தான் ரோலில் இருந்தது. செல்லம்மாவுக்கு முட்டி வீங்கி மலை ஏற முடியாமல் போய், அவள் பெயரை எப்போதோ அடித்துவிட்டார்கள். ஒரே மகன் அர்ஜுனன் ரிங்லெட் டவுனில் வேலை. ஆக, தங்கையாவின் மூச்சு நின்றால் மறுவாரம் செல்லம்மா சட்டிபானையோடு ரோட்டில்.

ஒரே ஒரு வழி இருந்தது. கொழுந்து வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலம்மா என்ற கிழவி இருந்தாள். அவள் மாசக் கடைசியில் மகளோடு போய்விடுவதாக இருந்தது. அந்த வேலையைச் செல்லம்மாவுக்குத் தருவதாக ஆபீஸ் கணக்கெழுதும் பழனியப்பன் கிராணி வாக்குக் கொடுத்திருந்தார். எஸ்டேட்டில் பேனா அவர் கையில்தான். செல்லம்மாவின் பெயர் ரோலில் ஏறும், வீடு அவள் பேருக்கு மாறும். அதுவரைக்கும் தங்கையா சாகாமல் இருந்தால் போதும்.

"மாசக் கடைசி வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடிங்க" என்று செல்லம்மா கஞ்சி ஊட்டும்போதெல்லாம் சொல்வாள். தங்கையாவும் தலையாட்டுவார். ஓவர்டைம் கேட்டால் தலையாட்டுகிற மாதிரியே இருக்கும்.

இனி அர்ஜுனன் கதை. அவன் வேலை பார்த்தது ஷஹாபுதீன் பாய் கடையில். முன்பக்கம் ரொட்டி சானாய், வடை, டீ. பின்பக்கம் அச்சு வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கோசுக் கூடைக்கு ஒட்டும் சீட்டு எல்லாம் அங்கேதான். ஈப்போவில் ஒரு டைப்பிங் பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை பாய் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த லோரி என்னுடையதுதான். முட்டைக்கோசு மேல் உட்காரவைத்துத்தான் அதை மலையேற்றினேன். கூடவே படம் வரைகிற புரோகிராம் ஒன்று பிளாப்பித் தட்டில் வந்தது. அந்தப் புரோகிராமுக்கு வயசாகிவிட்டது. பிரிண்டரை மட்டும் பாய் புதிதாக வாங்கினார். கிழவனுக்குச் சின்னப் பெண்ணைக் கட்டிவைத்த கதைதான். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் வந்து சில வருஷமாகிறது. ஆள் செத்தால், போட்டோவோடு மரண அறிவித்தல் அடித்து, மறுநாள் காலை ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டில், அவர்கள் வேலைக்குப் பிரிவதற்கு முன், பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாவிட்டால் அந்தக் குடும்பம் தலைநிமிர முடியாது. முந்தின வருஷம் ராமையா செத்தபோது அர்ஜுனன்தான் அடித்தான். மெஷின் சிக்கி, தாள் கிழிந்து, பால் தெளித்த பிறகுதான் நோட்டீஸ் வந்தது. அதிலும் ராமையாவுக்கு மூக்கு வரை மட்டும் முகம். வாய் அடுத்த தாளில் வந்தது. ராமையாவின் மகன்கள் இரண்டு தாளையும் சேர்த்து ஒட்டினார்கள். இன்றைக்கும் அந்தக் குடும்பத்துக்கு 'ஒட்டுவாயன் வீடு' என்றுதான் பேர்.

தன் அப்பனுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று அர்ஜுனன் முன்கூட்டியே வேலையை ஆரம்பித்தான். பாசமுள்ள பிள்ளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்து போட்டோக்களைப் பரப்பினான். வெளியே மூடுபனி. அன்றைக்கு அது எவ்வளவு கெட்டியாக இருந்ததென்றால், என் பெண்டாட்டி துவைத்த சட்டையை அதன் மேலேயே காயப்போட்டாள். சட்டை விழவில்லை, காயவும் இல்லை.

"எதுக்குடா இப்பவே? அச்சானியம்" என்றாள் செல்லம்மா.

"மெஷின் சுசாம்மா, ரொம்பத் தொல்லை. பிறகு அவசரத்துல அடிக்க முடியாது. ராமையா மாமா கதி தெரியுமில்ல?"

தங்கையா கண்ணைத் திறந்து, "அந்தக் கோட்டுப் போட்டதைப் போடு" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் தானாராத்தா ஸ்டூடியோவில் இரவல் கோட்டோடு எடுத்தது. கன்னமெல்லாம் உப்பி, ரொட்டி மாவு மாதிரி இருப்பார்.

"அது இருபது வயசுப் படம்ப்பா. ஆளுக்கு அடையாளம் தெரியாது."

"தெரியாட்டி என்னாடா. செத்தவனை யாரு வந்து தேடப்போறா. மீசையக் கொஞ்சம் முறுக்கி விடு. அப்ப எனக்கு மீசை சரியா வரலை."

"மாசக் கடைசிக்குத்தானே வேணும்? மெதுவா அடிடா" என்றாள் செல்லம்மா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

அந்தப் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் விதம் எப்படியென்றால், கண்ணாடித் தாளில் முகத்தை மையால் வரைந்து, அந்தத் தாளைத் திரைமேல் ஒட்டி, பின்னாலிருந்து புள்ளி புள்ளியாக மௌசால் கட்ட வேண்டும். அர்ஜுனன் நாலைந்து நாள் அப்பனின் மீசைக்குள்ளேயே குடியிருந்தான். திரையில் முகம் நன்றாக வந்தது. நானே பார்த்தேன். உருண்டை முகம், முறுக்கு மீசை.

அச்சில் வந்தது வேறு.

புரோகிராமைத் திறந்தால் உன் பிரிண்டர் எது என்று முதலில் கேட்கும். அது சொல்லுகிற பெயர்களில் பாய் வாங்கிய பிரிண்டர் இல்லை, அதைவிடப் பழைய பிரிண்டர்கள்தான் அதற்குத் தெரியும். உள்ளதில் கிட்டத்தட்ட ஒன்றைக் காட்டினால் பிரிண்டர் அடிக்கத் தொடங்கும். பல் கடிக்கிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டு ரிங்லெட்டில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின என்று பாய் சத்தியம் செய்வார். நான் அதற்குச் சாட்சி இல்லை. திரையில் உருண்டையாக இருந்தது தாளில் மேலும் கீழும் இழுபட்டு முட்டையாக வரும். தங்கையாவின் முகம் சுரைக்காய் நீளத்துக்கு இறங்கியது. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, தாடை தாளின் கீழ்வரை தொங்கியது.

பாய் ரொட்டி வீசிய கையோடு வந்து பார்த்தார்.

"என்னா தம்பி, அத்தா குதிரை மேல போறாரா, குதிரையேதானா?"

"விளையாடாதீங்க பாய். வேற பிரிண்டர் பேரைக் கொடுத்துப் பாக்குறேன்."

வேறு பெயரைக் கொடுத்தால் முகம் சரியாக வரும், ஆனால் எழுத்துக்குப் பதில் கோடுகோடாக விழும். மூன்றாவது பெயருக்கு ஒரு தாளுக்கு ஒரு வரி மட்டும் அடித்துவிட்டு அடுத்த தாளுக்கு ஓடும். அடுத்தது ஈரம். மலைக்குளிரில் தாள் ஊறி ஓரத்து ஓட்டைகள் பல்சக்கரத்தில் கிழியும். அதற்கு அர்ஜுனன் ஒரு வழி கண்டுபிடித்தான். பாயின் ரொட்டிக் கல் ஓரத்தில் தாளை விரித்துச் சூடு காட்டி எடுப்பான். தாள் காய்ந்தது, நெய் ஏறியது. நெய் ஏறிய இடத்தில் மை பிடிக்கவில்லை. தங்கையாவின் நெற்றிக்கு மேலே, முடியில், ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. ரிப்பன் காய்ந்துபோனபோது ஸ்டாம்பு மையில் தேங்காயெண்ணெய் கலந்து தடவினான். முகம் ஊதாவாக வந்தது.

தேதியிலும் ஒரு தொல்லை. 'இறைவனடி சேர்ந்தார்' என்பதற்கு முன்னால் தேதிக்கு இடம் விட்டால் அந்தப் புரோகிராம் காலி இடத்தைப் பொறுக்காது. கீழே இருக்கிற வரி மேலே ஏறிவந்து மீசைமேல் உட்காரும். அதனால் சும்மா ஒரு தேதி போட்டுவைப்போம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அர்ஜுனன் வருகிற ஞாயிற்றுக்கிழமையின் தேதியைப் போட்டான். எதற்கு ஞாயிறு என்று பிறகு கேட்டேன். "எல்லாருக்கும் லீவு நாள்தானே மாமா" என்றான். நல்ல மனசு.

கெட்டுப்போன தாள்கள் குவிந்தன. நீள முகம், ஊதா முகம், வெள்ளை வட்ட முகம். ஷஹாபுதீன் பாய் கல் மேல் சிந்திய ஒரு துளி மாவைக்கூட வீணாக்காதவர். ஒருபக்கம் வெள்ளையாக இருக்கிற நல்ல தாளை அவரால் எறிய முடியுமா? முன்பக்கம் கொண்டுபோய் வடை பொட்டலம் கட்ட வைத்துக்கொண்டார். அச்சுப் பக்கம் வெளியே, வெள்ளைப் பக்கம் வடைமேல். சுத்தம் பார்ப்பவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த பழனியப்பன் கிராணி பருப்பு வடை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். பிரித்துப் பார்த்தால் தங்கையா. தேதியும் அன்றைய தேதி. கிராணி முதலில் வடையைத் தின்றார். தீட்டு என்று பிறகு குளித்தார். இதை அவர் மனைவியே என் பெண்டாட்டியிடம் சொன்னாள்.

அச்சில் வந்ததைச் சந்தேகப்பட கிராணிக்குக் காரணமில்லை. எங்கள் எஸ்டேட்டில் நோட்டீஸ் வந்தால் ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம். அவர் அன்று மாலையே பங்களாவுக்குப் போய் துரையிடம் சொன்னார். துரை புதியவர், கோலாலம்பூரிலிருந்து வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஆட்களைக் குறைத்துக் காட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஒரு ஆள் தானாகவே குறைந்தது அவருக்கு நல்ல சகுனமாகப் பட்டிருக்க வேண்டும். உடனே போனில் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார்.

திங்கள் காலைப் பெரட்டில் கிராணி நெய்ப் பிசுக்கோடு அந்த நோட்டீஸைப் பலகையில் ஒட்டி, ஆட்களை மௌனமாக நிற்கச் சொன்னார். எல்லோரும் நின்றார்கள். தூறலில் கத்தரியும் கூடையுமாக. லயத்திலிருந்து பார்த்தால் பெரட்டுக் களம் தெரியும். தங்கையா ஜன்னல் வழியாகப் பார்த்து, "எவன் செத்தான்?" என்று செல்லம்மாவைக் கேட்டார்.

அதற்கு முன்னாலேயே வடைப் பொட்டலங்கள் வடக்கு ரோட்டில் ஏறிவிட்டிருந்தன. கோலா தெர்லாவில் கோசுத் தோட்டத்தில் வேலை செய்கிற தங்கையாவின் தங்கச்சி இராசம்மாவுக்கு அண்ணன் செய்தி ஒரு வடையோடு போய்ச் சேர்ந்தது. காய்கறி லோரி பிடித்து வந்தாள். வளைவில் இறங்கியபோதே மாரடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அந்தக் குரலுக்கு அணையில் தண்ணீர் ஒரு அடி ஏறியதாக டவுனில் பேசிக்கொண்டார்கள். மழையும் பெய்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் அண்ணன் கஞ்சி குடிப்பதைப் பார்த்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"என்னாண்ணே இது."

"ஏன், நல்லாத்தான் இருக்கேன்" என்றார் தங்கையா.

"கோசு வெட்டுற நாளு, விட்டுட்டு ஓடியாந்திருக்கேன். மொதலாளி தவுக்கே கிட்ட அண்ணன் செத்துட்டாருன்னு சொல்லி அழுது லீவு வாங்கினேன். இப்பத் திரும்பிப் போயி என்னா சொல்றது? உசிரு வந்துருச்சுன்னா?"

"அதுக்காக அவரு என்னா பண்ணணும்ங்கிறே நாத்தனாரே?" என்றாள் செல்லம்மா.

"நான் ஒண்ணும் சொல்லலை லா. வந்தது வந்துட்டேன். ரெண்டு நாளு இருந்து பாத்துட்டே போறேன்."

இருந்தாள். அவள் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோரும் மாலையோடு வந்தவர்கள். மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூரைக் கம்பில் வரிசையாக மாட்டினார்கள். கீழே படுத்திருந்த தங்கையாவின் மேல் அவ்வப்போது ஒரு சாமந்தி இதழ் விழும். அவர் எடுத்து முகர்ந்து பார்த்து ஓரமாக வைப்பார். வந்தவர்களுக்குச் சோறு வடித்தாள் செல்லம்மா. இராசம்மா வெளியே போகும்போதெல்லாம் கதவோரம் நின்று ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். அடுப்பில் உலை கொதித்ததா என்று பார்ப்பது போலத்தான்.

ரோலிலிருந்து தங்கையாவின் பெயரை எடுத்துவிட்ட விஷயம் திங்கள் மத்தியானம்தான் தெரிந்தது. அர்ஜுனன் டவுனிலிருந்து ஓடிவந்து கிராணியிடம் அது சோதனைத் தாள், சும்மா போட்ட தேதி என்று காலில் விழாத குறையாகச் சொன்னான். கிராணி பொறுமையாகக் கேட்டார். துரையிடம்தான் பேசவேண்டும் என்றார். நாளைக் காலை ஆளையே ஆபீஸுக்குக் கொண்டுவாருங்கள், நேரில் பார்த்தால் துரைக்கும் மறுக்க முடியாது என்று யோசனையும் சொன்னார்.

அர்ஜுனன் இரண்டு காரியம் செய்தான். அப்பனைத் தூக்க நாற்காலியில் மூங்கில் கட்டச் சொன்னான். கடைக்குப் போய் அந்த நீள முகத்தைச் சரிசெய்யவும் உட்கார்ந்தான். சரியான படம் ஒன்றைக் கையில் கொண்டுபோய், பலகையில் இருப்பது மெஷின் கோளாறு என்று துரைக்குக் காட்டிவிட்டால் வழக்கு தீர்ந்தது என்று அவன் கணக்கு. அப்போதுதான் அவனுக்கு வழி புலப்பட்டது. பிரிண்டர் முகத்தை நீட்டுகிறதல்லவா, அப்படியானால் திரையில் முகத்தை அமுக்கிக் குட்டையாக்கிவிட வேண்டியதுதான். திரையில் தங்கையா தவளை மாதிரி அகலமாக உட்கார்ந்தார். தாளில் வந்தபோது அசல் ஸ்டூடியோ படம். உருண்டைக் கன்னம், முறுக்கு மீசை, நெய்ப் பிசுக்கில்லாத நெற்றி. பாய் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை ரெடி" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை தூறலில் நாலு பேர் நாற்காலியைத் தூக்கினோம். இடதுபக்கப் பின்கால் நான். தங்கையாவுக்கு எடையே இல்லை; நனைந்த கம்பளிதான் கனத்தது. செல்லம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். மாலைக்காரர்களும் வந்தார்கள். மாலையை வீட்டில் விட்டால் ஆடு தின்னும் என்று இராசம்மா ஒன்றைக் கையிலேயே கொண்டுவந்தாள். பார்த்தவர்கள் ஊர்வலம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றி ஓரமாக நின்றார்கள். தங்கையா அவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

துரை வராந்தாவுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கிராணிதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொன்னார். துரை பலகையிலிருந்து நோட்டீஸைப் பிய்த்துக்கொண்டுவரச் சொல்லி, நாற்காலியில் இருந்தவரின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

நாங்களும் பார்த்தோம். அந்த நிமிஷம் வரைக்கும் யாருக்கும் தோன்றவில்லை. வியாதி தங்கையாவின் கன்னத்தை உறிஞ்சி, கண்ணைக் குழியாக்கி, தாடையை இறக்கிவிட்டிருந்தது. மெஷின் கோளாறாக வந்த முகமும் அவர் முகமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. ரொட்டிக் கல் நெய் விட்ட இடத்தில்கூட அவருக்கு முடி கொட்டியிருந்தது.

அர்ஜுனன் முன்னே பாய்ந்து தன் புதுத் தாளை நீட்டினான். இதுதான் சரியான படம், அது மெஷின் தப்பு என்று மலாயில் சொன்னான். துரை இரண்டு தாளையும் பார்த்தார், தங்கையாவைப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். கிராணி எங்களுக்குச் சொன்னார்: இந்த உருண்டை முகக்காரர் யாரென்று துரைக்குத் தெரியாது; ஆனால் செத்தவர் இந்த நாற்காலியில் இருப்பவர்தான், அதில் சந்தேகமில்லை.

"கிராணி ஐயா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு அவரைத் தெரியாதா?" என்றாள் செல்லம்மா.

கிராணி குடையைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தார். நல்ல மனுஷர்தான்.

"செல்லம்மா, தங்கையா உசிரோட இருக்காருன்னு எனக்குத் தெரியும். எதிர்ல உக்காந்திருக்காரு, மூச்சு விடுறாரு. ஆனா கோலாலம்பூருக்கு அது தெரியணுமில்ல? போன் போயிருச்சு. செத்தவரைத் திரும்ப ரோல்ல எழுத வழியில்லை."

"அப்ப என்னா செய்ய?"

"புது ஆளாச் சேத்துக்கலாம். அதுக்குத் தடையில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெசர் வைக்கிற டெஸ்டு பாஸ் பண்ணணும், அவ்வளவுதான்."

அந்த டெஸ்டு எல்லோருக்கும் தெரிந்தது. எஸ்டேட்டில் புதிதாகச் சேருகிற ஆண்பிள்ளை ஈரக் கொழுந்து அடைத்த மூட்டையைத் தோளில் ஏற்றி, ஆபீஸ் வாசலிலிருந்து பிள்ளையார் கோயில் மேடு வரைக்கும் நிற்காமல் ஏற வேண்டும். நிற்காமல் ஏறினால் நெஞ்சு நல்ல நெஞ்சு.

நாங்கள் எல்லோரும் செல்லம்மாவைப் பார்த்தோம். அவள் வேண்டாம் என்று சொன்னால் நாற்காலியைத் திருப்பிவிடலாம் என்று மூங்கிலில் கைவைத்துக் காத்திருந்தோம். அவள் தங்கையாவின் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். உதறினாள். சும்மாடாகச் சுருட்டி அவர் தோளில் வைத்து, விழாமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

"மெதுவாப் போங்க" என்றாள்.

தங்கையா நாற்காலியிலிருந்து எழுந்தார். அர்ஜுனன் மூட்டையைத் தானே தூக்கிவருவதாகச் சொன்னான். புது ஆள் அவனா, அப்பனா என்று கிராணி கேட்டார். இரண்டு பேர் மூட்டையை ஏற்றிவிட்டார்கள். மழையில் நனைந்த கொழுந்து, தண்ணீர் வடிந்து அவர் முதுகில் இறங்கியது. அவர் ஏறினார்.

நான் மறுபடியும் அட்டையை நினைத்துக்கொண்டு சொல்கிறேன், அவர் ஏறினார். இருமவில்லை. இரும இடமில்லை, நெஞ்சு அவ்வளவு அடைத்திருந்தது. பின்னாலேயே டிரெசர் குடைபிடித்துக்கொண்டு போனார், அவருக்குப் பின்னால் நாங்கள். பாதி மேட்டில் கால் ஒருமுறை வழுக்கியது. "நிக்காதேண்ணே, நின்னா டெஸ்டு போச்சு" என்று இராசம்மா கத்தினாள். அவர் நிற்கவில்லை. முட்டியை மண்ணில் ஊன்றி, அப்படியே நகர்ந்து, எழுந்தார். செல்லம்மா கீழேயே நின்றுவிட்டாள். அந்த மேடு ஏற அவளால் முடியாது. மூடுபனியில் அவளுக்கு மூட்டை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

பிள்ளையார் கோயில் வாசலில் தங்கையா மூட்டையை இறக்கினார். அதன் மேலேயே உட்கார்ந்தார். டிரெசர் வந்து, "பாஸ்" என்றார். தங்கையா வழக்கம்போலத் தலையாட்டினார். ஆட்டிய தலை அப்படியே மார்பில் நின்றது. இராசம்மா கையிலிருந்த மாலையை யாரும் சொல்லாமலே போட்டாள்.

மத்தியானம் கிராணி வாக்குத் தவறாமல் பெயரை ரோலில் எழுதினார். தங்கையா, புது ஆள், ஆண், உடல் தகுதி நன்று. அதன் பிறகுதான் செல்லம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னார். புது ஆளுக்கு மூன்று மாசம் வேலை பார்த்த பிறகுதான் வீடு. தங்கையா பார்த்தது ஒரு மூட்டை வேலை. ஆயாக்கொட்டகை வேலையோ, பல வருஷம் உழைத்தவரின் பெண்சாதிக்குத் தருகிற சலுகை; காலையில் சேர்ந்தவரின் பெண்சாதிக்கு அதைத் தரத் துரைக்கு வழியில்லை. ரொம்பவும் வருத்தத்தோடு சொன்னார். சொல்லி முடிக்கும்வரை குடையை அவள் பக்கமே பிடித்திருந்தார்.

மறுநாள் பெரட்டுக்கு முன் அர்ஜுனன் தன் நல்ல தாளைப் பலகையில் ஒட்டினான். தேதியும் திருத்தியிருந்தான். கத்தரியும் கூடையுமாக வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இது யார் மாப்பிள்ளை, எந்த எஸ்டேட் என்று கேட்டார்கள். தங்கையா என்றால் ஒருவரும் ஒப்பவில்லை. வேறு வழியில்லாமல் அவனே அதைக் கிழித்துவிட்டு, கிராணி மேசையில் கிடந்த நெய்ப் பிசுக்குத் தாளை வாங்கிவந்து ஒட்டினான். அதில் ஞாயிற்றுக்கிழமைத் தேதிதான் இருந்தது. பதினாறாம் நாளையும் ஞாயிற்றிலிருந்தே எண்ணினார்கள். இராசம்மா காரியம் முடிகிறவரைக்கும் நிற்கவில்லை. கோசு முற்றிவிடும் என்று புதன்கிழமையே லோரி ஏறிவிட்டாள்.

அடுத்த வாரம் செல்லம்மா வீட்டைக் காலி செய்தாள். பாய் கடைப் பின்பக்கம், தாள் கட்டு வைக்கிற இடத்தில் அர்ஜுனன் ஒரு பாய் விரிக்க இடம் பண்ணியிருந்தான். நான் லோரியைக் கொண்டுபோய் லயத்து வாசலில் நிறுத்தியபோது புதுக் குடும்பம் முன்னாலேயே வந்து மூட்டை முடிச்சோடு தூறலில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே செல்லம்மா உலை வைத்திருந்தாள், போகும் முன் ஒருவாய் கஞ்சி குடித்துவிட்டுப் போகலாம் என்று. புதிதாக வந்தவள் சின்னப் பெண், இடுப்பில் குழந்தை. வாசலில் நின்றே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, போகும்போது அடுப்பை அணைச்சிடாதீங்க. விறகெல்லாம் ஈரமா இருக்கு."

செல்லம்மா உலையை இறக்கிவைத்தாள். கஞ்சி இன்னும் வேகவில்லை. காய்ந்த கட்டையாகப் பார்த்து இரண்டை உள்ளே தள்ளி, ஊதி, நன்றாகப் பிடித்த பிறகு எழுந்து வெளியே வந்து என் லோரியில் ஏறினாள்.

நேற்றுச் சாயங்காலம் ரிங்லெட் பஸ் நிலையத்தில், போன வருஷம் செத்த அந்தத் தங்கையாவே அதே நீள முகத்தோடு என்னிடம் தீப்பெட்டி வாங்கிச் சுருட்டுப் பற்றவைத்தார்; அட்டை இன்னும் என் நாக்கைக் கவ்வவில்லை.